சிறைப்பட்ட டைட்டனை கேம்பெய்னில் வைப்பது எப்படி: புதிய டிஎம்களுக்கான படிகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி ஆடும் கதையாட்டம். அதை நடத்துபவர் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்), ஒருமுறை கூடி ஆடுவது ஒரு செஷன், பல செஷன்களாக நீளும் கதை கேம்பெய்ன். "மலைக்கு அடியில் ஒரு டைட்டன் கட்டுண்டு கிடக்கிறது" என்று முதல் செஷனில் சொல்லிவிடலாம். ஆறாவது செஷனில் ஓர் ஆட்டக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, "யார் கட்டினது? எதை வச்சுக் கட்டினாங்க? அவிழ்க்க என்ன செய்யணும்?" என்று கேட்பார். அப்போது பதில் கையில் இல்லையென்றால் கேம்பெய்ன் அங்கேயே தடுமாறும். புதிதாக ஆட்டம் நடத்துபவர்கள் டைட்டனின் தாக்குதல் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு, சிறைக்கென்று ஒரு வரிகூட எழுதாமல் வந்துவிடுகிறார்கள். கேம்பெய்னின் பெரும்பகுதியில் ஆட்டக்காரர்கள் டைட்டனைப் பார்க்கப்போவதே இல்லை. அவர்கள் தொடுவது, தேடுவது, பேரம் பேசுவது எல்லாம் சிறையோடுதான். அதனால் வேலையைச் சிறையில் தொடங்குங்கள்.

கீழே உள்ள எண்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளைச் சேர்ந்தவை. 2024 திருத்தத்தில் ஆடுபவர்கள் படிகளை இங்கிருந்து எடுத்துக்கொண்டு, எண்களைத் தங்கள் நூலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தயாரிப்புக்கு இரண்டு மாலை நேரம் ஒதுக்குங்கள். நான்கு தாள் போதும்: சிறைத்தாள், செலவுத்தாள், யாருக்கு என்ன தெரியும் என்ற தாள், காலத்தாள்.

1. யார் உள்ளே இருக்கிறார்கள்?

விதிநூலில் டைட்டன் என்பது தனி இனம் அல்ல, சில உயிரிகளின் வகைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வரும் அடையாளம். புதியவர்களுக்கு மூன்று பேர் போதும்.

டராஸ்க்: சேலஞ்ச் ரேட்டிங் (எவ்வளவு கடினமான எதிரி என்பதைக் காட்டும் எண்) 30, ஆர்மர் கிளாஸ் (தாக்குதல் பட எட்ட வேண்டிய எண்) 25, ஹிட் பாயின்ட் (தாங்கக்கூடிய சேதம்) 676, அறிவு 3. மொழி கிடையாது. இதனிடம் பேசவோ பேரம் பேசவோ முடியாது. வெளியே வந்தால் பேரழிவு, அவ்வளவுதான்.

கிராக்கன் (கடல் ராட்சதம்): ரேட்டிங் 23, ஹிட் பாயின்ட் 472, அறிவு 22. பேசாது, ஆனால் 120 அடிக்குள் மனத்தோடு மனம் பேசும். திட்டம் போடும் கைதி வேண்டுமென்றால் இது.

எம்பிரியன்: ரேட்டிங் 23, ஹிட் பாயின்ட் 313, எல்லா மொழியும் தெரியும். கடவுளரின் பிள்ளை. சிறை வைத்தது சரிதானா என்று ஆட்டக்காரர்களையே வாதாட வைக்கக்கூடிய ஒரே கைதி. முதல் கேம்பெய்னுக்கு இதையே எடுக்கச் சொல்வேன். சண்டையில்லாமலும் நல்ல செஷன்கள் கிடைக்கும்.

2. எந்த வகைச் சிறை?

இம்பிரிசன்மென்ட் என்ற ஒன்பதாம் லெவல் (மந்திரங்களில் மிக உயர்ந்த படி) மந்திரம் ஐந்து வகைச் சிறைகளைத் தருகிறது. நீங்களே ஒரு தெய்வ மந்திரத்தைப் புனைந்தாலும் இதை அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டைகள் எங்கே வரும் என்பது இதைப் படித்தாலே தெரிந்துவிடும். எல்லா வகைக்கும் பொதுவானவை மூன்று. கைதிக்கு மூச்சு, உணவு, நீர் தேவையில்லை. வயது ஏறாது. மறைந்ததைத் தேடிக் காட்டும் மந்திரங்களால் கைதியைக் கண்டுபிடிக்கவோ பார்க்கவோ முடியாது.

புதைத்தல். பூமியின் ஆழத்தில், கைதி அடங்குமளவே உள்ள மந்திரக் கோளம். எதுவும் அதைக் கடக்காது, டெலிபோர்ட்டும் (மந்திரத்தால் நொடியில் இடம் மாறுவது) ஆகாது. ஆட்டக்காரர்கள் ஐந்து செஷன் தோண்டிக் கோளத்தை அடைந்தாலும் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. இந்த வகையில் உங்கள் டன்ஜன் (ஆட்டக்காரர்கள் புகுந்து ஆராயும் இடம்) கோளத்தைச் சுற்றி இருக்கக் கூடாது. மந்திரத்துக்குப் பயன்பட்ட சிறிய மித்ரில் (ஒரு கற்பனை உலோகம்) உருண்டை எங்கே இருக்கிறதோ அங்கே இருக்க வேண்டும்.

சங்கிலி. பார்க்க மிக அழகான வகை. அதிகமாகக் காலை வாருவதும் இதுதான். கைதி ரெஸ்ட்ரெயின்ட் நிலையில் இருக்கும். அதாவது அசைய முடியாது, ஆனால் பேசலாம், தாக்கலாம், மந்திரம் போடலாம். அதன்மீது வரும் தாக்குதல்களுக்கெல்லாம் அட்வான்டேஜ் (பகடையை இரண்டு முறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) உண்டு. டராஸ்க்கைச் சங்கிலியில் வைத்தால், அதன் வாலுக்கு எட்டும் தூரம் 20 அடிதான். மந்திர வில் வைத்திருக்கும் ஒருவர் 150 அடி தள்ளி நின்று நாள் முழுக்க அம்பு விட்டுக் கொன்றுவிடலாம். எம்பிரியனிடம் 600 அடி பாயும் தாக்குதல் உண்டு என்பதால் அதற்கு இந்தப் பிரச்சினை குறைவு. கிராக்கனுக்குச் சங்கிலி வேண்டாம். மந்திரத்தால் அதை ரெஸ்ட்ரெயின்ட் ஆக்கவோ வேகத்தைக் குறைக்கவோ முடியாது என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. ஆட்டக்காரர் யாராவது அந்த வரியைப் படித்திருப்பார்.

அடைப்புச் சிறை. சிற்றுலகம் ஒன்றில் கோபுரமாகவோ கூண்டாகவோ புதிர்ப்பாதையாகவோ அமையும். தேவையான பொருள், அந்தச் சிறையின் வடிவில் பச்சைக்கல்லில் செதுக்கிய சிறு உரு. டெலிபோர்ட்டும் உலகம் விட்டு உலகம் தாவுவதும் தடைபட்டிருப்பதால், உள்ளே போக ஒரு வழியை நீங்கள்தான் உருவாக்க வேண்டும். மறந்தால் யாராலும் நுழைய முடியாத டன்ஜனை வரைந்து வைத்திருப்பீர்கள்.

ரத்தினச் சிறை. கைதி ஓர் அங்குல உயரத்துக்குச் சுருங்கி, ஒளி ஊடுருவும் பெரிய ரத்தினத்துக்குள் அடைபடும். உள்ளிருந்து வெளியே பார்க்கலாம், வெளியிலிருந்தும் பார்க்கலாம். ஒளியைத் தவிர வேறெதுவும் கடக்காது, அதனால் குரலும் வராது. மந்திரம் இருக்கும்வரை கல்லை உடைக்கவோ வெட்டவோ முடியாது. புதியவர்களுக்கு எனது பரிந்துரை இதுதான். சிறையையே கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், திருடலாம், விற்கலாம், அரசியின் கிரீடத்தில் பதிக்கலாம். உள்ளிருக்கும் எம்பிரியன் கைச்சைகையால் பேச முயலும் காட்சி ஒன்றே ஒரு செஷனுக்குப் போதும்.

உறக்கம். கைதி தூங்கும், எழுப்ப முடியாது. ஆனால் தூங்குபவரைக் காக்க விதியில் ஒரு சொல்கூட இல்லை.

சங்கிலி, உறக்கம் இரண்டிலும் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "இத்தனை நாள் ஏன் யாரும் கொல்லவில்லை?" இதற்குச் சிறைத்தாளில் ஒரே வரியில் பதில் எழுதுங்கள். அதன் உடல் சூட்டால்தான் பள்ளத்தாக்கில் பனி உறையாமல் விளைச்சல் நடக்கிறது. அது இறந்தால் அதன் தந்தையான தெய்வம் கணக்குத் தீர்க்க வரும். கொன்றவரின் உடலில் அது மறுபடி பிறக்கும். இப்படி ஏதாவது ஒன்று போதும். இரண்டு மூன்று காரணங்களை அடுக்கினால் எதுவும் நம்பும்படி இருக்காது.

3. செலவுக் கணக்கு

இந்த மந்திரத்துக்கான சிறப்புப் பொருள் (மித்ரில் உருண்டை, பச்சைக்கல் உரு, ரத்தினம் போன்றது), கைதியின் ஒவ்வொரு ஹிட் டைஸுக்கும் (அதன் ஹிட் பாயின்ட்டைத் தீர்மானிக்கும் பகடை) 500 தங்கக்காசு மதிப்புள்ளதாக இருக்க வேண்டும். டராஸ்க்குக்கு 33 டைஸ், ஆகவே 16,500 தங்கக்காசு. கிராக்கனுக்கு 27 டைஸ், 13,500. எம்பிரியனுக்கு 19 டைஸ், 9,500. இதோடு கைதியின் உருவம் தாங்கிய ஓவியத்தோலோ செதுக்கிய பொம்மையோ வேண்டும். அந்தப் பொம்மைக்கு விலை குறிப்பிடப்படவில்லை.

மந்திரம் முடிந்தபின் பொருள் தீர்ந்துபோகும் என்று விதியில் இல்லை. ஆகவே உருண்டையோ சங்கிலியோ கல்லோ உலகத்தில் எங்கோ இருந்துகொண்டே இருக்கும். அதுதான் பூட்டு. அதே மந்திரவாதி அதே பொருளை வைத்து இன்னொருவரைச் சிறை வைத்தால் முதல் கைதி அந்த நொடியே விடுதலை என்கிறது விதி. வேறு யார் பயன்படுத்தினாலும் அப்படியே என்று உங்கள் உலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடகுக்கடையில் மித்ரில் உருண்டையைப் பார்த்து, மதிப்பு தெரியாமல் வாங்கிய மந்திரவாதி ஒருவர், தன் சொந்த எதிரியை அடைக்க அதைப் பயன்படுத்தப் போகிறார். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் ஊரை அழிக்கக்கூடிய ஆள் கிடைத்துவிட்டார்.

அடுத்தது பராமரிப்பு. காவலர்கள் ஆயிரம் ஆண்டாகக் காக்கிறார்கள் என்று எழுதுவதற்கு முன் கணக்குப் போடுங்கள். தேர்ந்த கூலியாளுக்கு நாளுக்கு 2 தங்கக்காசு. 20 பேர் என்றால் நாளுக்கு 40, ஆண்டுக்கு 14,600. டராஸ்க்கை அடைக்க வாங்கிய பொருளின் விலையையே ஏறத்தாழ ஓர் ஆண்டில் காவல் தின்றுவிடுகிறது. இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? சுங்கவரியா, கோயில் நிலமா, ஒரு வணிகக் குடும்பத்தின் நேர்த்திக்கடனா? பதில் எதுவானாலும், அது நின்றுபோகும் நாள்தான் உங்கள் கதை தொடங்கும் நாள். சம்பளம் வராத காவலரைவிட இயல்பான துரோகி கிடைக்கமாட்டார்.

4. விடுதலை நிபந்தனையை எழுதி வையுங்கள்

சிறை இரண்டு நேர் வழிகளில் திறக்கும். ஒன்று, ஒன்பதாம் லெவலில் போடப்படும் டிஸ்பெல் மேஜிக் (மந்திரத்தைக் கலைக்கும் மந்திரம்), சிறையின்மீதோ சிறப்புப் பொருளின்மீதோ. மற்றொன்று, மந்திரம் போட்டவர் அப்போதே சொல்லி வைத்த நிபந்தனை. நிபந்தனை கண்ணால் காணக்கூடிய செயலாகவோ தன்மையாகவோ இருக்க வேண்டும். பெயர், அடையாளம், வழிபடும் தெய்வம் ஆகியவற்றைச் சார்ந்தும் இருக்கலாம். லெவல் (பாத்திரத்தின் வளர்ச்சிப் படி), கிளாஸ் (வீரர், மந்திரவாதி போன்ற அதன் வகை), ஹிட் பாயின்ட் செல்லாது.

செல்லாதது: "இருபதாம் லெவல் வீரர் வந்தால்." குழப்புவது: "தூய உள்ளம் கொண்டவர் தொட்டால்." தூய உள்ளத்தை யார் பார்த்துச் சொல்வது? மேசையில் ஒரு மணி நேரம் தகராறு நடக்கும். நல்லது: "கோட்டையின் ஏழு மணிகளும் ஒரே நேரத்தில் ஒலித்தால்." இன்னும் நல்லது: "சிறை வைத்தவரின் வழிவந்தவர் தன் முழுப்பெயரைச் சொல்லி, வாசலில் இடது கையை வைத்தால்."

நிபந்தனையை ஒரே வாக்கியமாக எழுதித் தேதியிட்டு உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். இது சடங்குக்காகச் சொல்வதல்ல. கேம்பெய்ன் நடுவே நிபந்தனையை மாற்ற ஆசை வரும், பெரும்பாலும் ஆட்டக்காரர்கள் அதை முன்கூட்டியே ஊகித்துவிடும்போது. ஊகித்தது அவர்களின் வெற்றி. அதைப் பறிக்காதீர்கள்.

பொறி ஒன்று: மூன்றாவது செஷனிலேயே தெரியாமல் நிபந்தனையை நிறைவேற்றிவிடுவார்கள். மணி இருந்தால் அடிப்பார்கள், வாசல் இருந்தால் தொடுவார்கள். ஆகவே நிபந்தனையின் பாகங்கள் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. ஏழு மணிகளில் இரண்டை வேறு ஊர்களுக்கு விற்றுவிட்டார்கள் என்று வையுங்கள்.

பொறி இரண்டு: ஆன்டிமேஜிக் ஃபீல்ட். 10 அடி ஆரத்தில் மந்திரங்களை ஒரு மணி நேரம்வரை அடக்கிவைக்கும் இதைச் சங்கிலிக்கருகே போட்டால் என்ன ஆகும் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். தெய்வம் உருவாக்கிய சிறை என்றால் அடங்காது, மந்திரவாதி உருவாக்கியது என்றால் அடங்கும். சிறைத்தாளில் ஒரு சொல் எழுதினால் தீர்ந்தது.

5. யாருக்கு என்ன தெரியும்?

டைட்டன் கனவில் வந்து பூசாரிகளை அழைக்கிறது என்பது எல்லோரும் எழுதுவது. புதைத்தல் கோளத்தை எதுவும் கடக்காது என்று விதி சொல்லும்போது கனவு மட்டும் எப்படிக் கடக்கும்? கனவு வேண்டுமென்றால் அது சிறப்புப் பொருளின் வழியாக வருகிறது, பொருளுக்கு அருகில் உறங்குபவருக்கு மட்டும் வருகிறது என்று எல்லை போடுங்கள். அப்போது கனவே ஒரு தடயமாகிவிடும். யார் கனவு காண்கிறார்களோ அவர்கள் வீட்டில்தான் உருண்டை இருக்கிறது.

இதைவிட உறுதியானது ஆவணம். இந்த நான்கில் மூன்றையாவது கையால் எழுதி, தாளாகவே ஆட்டக்காரர்களிடம் கொடுங்கள்:

- சிறப்புப் பொருளை வாங்கிய ரசீது. 9,500 தங்கக்காசு என்ற தொகையே கைதி எம்பிரியன் என்று காட்டிக்கொடுக்கும். டைஸ் கணக்குத் தெரிந்த ஆட்டக்காரர் 500ஆல் வகுத்துப் பார்த்து 19 என்று சொல்லும் நொடி மிக இனிமையானது.
- காவலர் சம்பளப் பதிவேடு, கடைசிப் பக்கங்கள் வெறுமையாக.
- கைதியின் உருவம் வரைந்த தோல், பாதி கிழிந்தது.
- நிபந்தனையின் ஒரு பாகத்தை மட்டும் சொல்லும் தாலாட்டு அல்லது கல்வெட்டு.

ஆட்டக்காரர்கள் கட்டாயம் கண்டுபிடிக்க வேண்டிய ஒவ்வொரு செய்திக்கும் மூன்று தனித்தனித் தடயங்கள் வையுங்கள். ஒன்றைப் பார்க்கமாட்டார்கள், ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும்.

மந்திரத்தால் தேடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். கைதியைத் தேடினால் கிடைக்காது, ஆனால் பொருளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பொருளைத் தேடும் மந்திரமான லொகேட் ஆப்ஜெக்ட் 1,000 அடிக்குள் காட்டிக்கொடுக்கும். மெல்லிய ஈயத்தகடு போதும் அதைத் தடுக்க, எனவே காவலர்கள் ஈயப்பெட்டியில்தான் வைத்திருப்பார்கள். பழங்கதைகளைச் சொல்லும் மந்திரமான லெஜண்ட் லோர் போட ஒவ்வொரு முறையும் 250 தங்கக்காசு நறுமணப்பொருள் எரிந்துபோகும். அந்தச் செலவைச் செய்பவர்களுக்கு முழு விடை கொடுக்காவிட்டாலும், அடுத்த ஊரின் பெயரையாவது கொடுத்துவிடுங்கள்.

6. காலக்கணக்கு

சிறை தானாகப் பலவீனமாகாது. கலைக்கப்படும்வரை நிலைக்கும் என்பதே விதி. ஆகவே காலத்தாளில் நீங்கள் அளப்பது சிறையின் தேய்மானத்தை அல்ல, விடுவிக்க நினைப்பவர்களின் முன்னேற்றத்தை. ஆறு கட்டம் வரையுங்கள்: பழைய ரசீதை யாரோ விலைக்குக் கேட்கிறார்கள், காவலர் சம்பளம் நிற்கிறது, காவலர் ஒருவர் விலைபோகிறார், பொருள் இடம் மாறுகிறது, ஒன்பதாம் லெவல் மந்திரம் போடக்கூடிய ஆள் கிடைக்கிறார், விடுதலை.

ஆட்ட உலகில் பத்து நாளுக்கு ஒரு கட்டம் நகரட்டும். ஆட்டக்காரர்கள் தடுத்தால் நிற்கட்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அவர்கள் கண்ணில் படும் ஓர் அடையாளம் இருக்க வேண்டும், இல்லையென்றால் தங்கள் தவறு என்னவென்றே தெரியாமல் தோற்பார்கள்.

ஐந்தாவது கட்டம்தான் எதிரியின் பெரிய சிக்கல். மந்திரவாதிக்கு 17ஆம் லெவலில்தான் ஒன்பதாம் லெவல் மந்திரம் கைவரும். அப்படிப்பட்டவர் உங்கள் உலகத்தில் எத்தனை பேர்? மூன்று பேர் என்றால் மூவரின் பெயரையும் எழுதுங்கள். ஆட்டக்காரர்கள் காக்க வேண்டியவர்களும் அவர்களே.

லெவலோடு பொருத்துவது: 1 முதல் 4 வரை வதந்தி, ரசீது, பதிவேடு. 5 முதல் 10 வரை பொருளைத் துரத்துவது. 11 முதல் 16 வரை சிறையிடத்துக்குப் போவது, காவலரோடு மோதுவது அல்லது சேர்வது. 17க்கு மேல்தான் நேருக்கு நேர். கேம்பெய்னைப் பத்தாம் லெவலில் முடிக்கப்போகிறீர்கள் என்றால் டைட்டன் வெளியே வரவேண்டியதில்லை. பொருளைப் பத்திரமான கைகளில் சேர்ப்பதே முழுமையான முடிவு.

7. வெளியே வந்துவிட்டால்

சண்டை நடத்துவதற்கு முன் இரண்டு ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். டராஸ்க்குக்குப் பறக்கத் தெரியாது, தூரத் தாக்குதலும் இல்லை. பறந்துகொண்டே மந்திர அம்பு விடும் ஒரே ஆட்டக்காரர் அதைத் தீர்த்துவிடுவார். கூரையுள்ள இடத்தில் வெளிவரச் செய்யுங்கள், அல்லது பாறை பிடுங்கி எறியும் தாக்குதல் ஒன்றைச் சேருங்கள். அடுத்து, பத்தாம் லெவல் குழுவுக்கு ஓடும் வழி தெரிய வேண்டும். டராஸ்க்கின் ஐந்து தாக்குதலும் பட்டால் சராசரியாக ஒரு சுற்றுக்கு 148 சேதம், அதற்கு மேல் லெஜண்டரி ஆக்ஷன்கள் (மற்றவர்களின் முறைகளுக்கிடையே அது செய்யும் கூடுதல் செயல்கள்). வழி இருக்கிறது என்பதை வர்ணனையிலேயே சொல்லிவிடுங்கள்.

மறுபடி அடைக்கலாம் என்று ஆட்டக்காரர்கள் நினைப்பார்கள், நினைக்க வேண்டும். ஆனால் இந்தக் கணக்கை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

மந்திரம் போட 1 நிமிடம், அதாவது 10 சுற்று. கைதி 30 அடிக்குள் கண்ணில் பட வேண்டும். பத்துச் சுற்றும் மந்திரவாதி தன் ஆக்ஷனை (தன் முறையில் செய்யும் செயலை) இதற்கே கொடுத்து, கான்சென்ட்ரேஷன் (மந்திரத்தின்மீதான கவனம்) காக்க வேண்டும். 36 சேதம் தரும் ஒரு கடி பட்டால், கவனம் கலையாமலிருக்கப் பகடை உருட்டி 18 என்ற இலக்கை எட்டியாக வேண்டும். கலைந்தால் ஸ்லாட் (மந்திரம் போட அவருக்குள்ள வாய்ப்பு) போகாது, ஆனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பிறகு விஸ்டம் சேவிங் த்ரோ, அதாவது மந்திரத்திலிருந்து தப்பக் கைதி உருட்டும் பகடை. 17ஆம் லெவல், அறிவு 20 உள்ள மந்திரவாதியின் இலக்கெண் 19. டராஸ்க்குக்கு +9, அத்தோடு மந்திரங்களுக்கு எதிராக அட்வான்டேஜ். அது தோற்க வாய்ப்பு 20 சதவீதம் சொச்சம். எம்பிரியனுக்கு +13, அதே அட்வான்டேஜும் உண்டு, தோற்கும் வாய்ப்பு 6 சதவீதம்தான். அதற்கும் மேலே இருவருக்கும் நாளுக்கு மூன்று லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ். தோற்றாலும் வென்றதாக மாற்றிக்கொள்ளும். ஒருமுறை வென்றுவிட்டால் அதே மந்திரவாதியின் இம்பிரிசன்மென்ட் அதன்மீது இனி எப்போதும் வேலை செய்யாது.

ஆகவே சும்மா விட்டால் இந்த முயற்சி தோற்கும். உதவிக்கு ஒரு பொருளையோ இடத்தையோ முன்கூட்டியே உலகத்தில் வையுங்கள். பழைய சிறையிடத்தில் நிற்கும்வரை கைதிக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டித் தாழ்ந்ததை எடுப்பது) என்றால், அட்வான்டேஜோடு அது கழிந்து டராஸ்க்கின் தோல்வி வாய்ப்பு 45 சதவீதம் ஆகிவிடும். மற்ற ஆட்டக்காரர்களின் வேலை முன்கூட்டியே மூன்று ரெசிஸ்டன்ஸையும் செலவழிக்க வைப்பது, பத்துச் சுற்றும் மந்திரவாதிக்கு முன்னால் நிற்பது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி வேலை கிடைக்கிறது, யாரும் சும்மா உட்கார மாட்டார்கள்.

புதிய நிபந்தனையை ஆட்டக்காரர்களே சொல்லட்டும். மந்திரம் போடும் அந்தச் சுற்றில் கேளுங்கள்: "எது நடந்தால் இது திறக்க வேண்டும்?" அவர்கள் சொல்வதை அப்படியே ஒரு தாளில் எழுதி, புதிய உறையில் போட்டு ஒட்டுங்கள்.